வாட்டமே இல்லாத குளியலறை

குளியலறையில் குளிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உள்ளே போவார்கள், நனைவார்கள், வெளியே வருவார்கள். குளியலறையைப் பார்ப்பவர்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரைக் குளியலறை ரசிகர் என்று வைத்துக்கொள்வோம்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள், "முதல்ல பாத்ரூமைப் பாத்துடுங்க" என்பார். வந்தவருக்கு அவசரம் இல்லையென்றாலும் விடமாட்டார். அவசரம் என்றால் போச்சு. கதவை மறித்துக்கொண்டு, குழாயின் வளைவை எத்தனை கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சொல்லி முடித்த பிறகுதான் வழிவிடுவார்.

நம் ரசிகரும் ஒரு காலத்தில் ஒழுங்காகக் குளித்துக்கொண்டிருந்த மனிதர்தான். மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில், குளியலறைக்குள் ஒரு செடி இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது. மறுநாளே சுவரை உடைத்து, டைல்ஸுக்குக் கடல் நிறம் வேண்டுமா, மேகம் படிந்த கடல் நிறம் வேண்டுமா என்று தூக்கம் கெட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்ன மனைவியிடம் பேச்சை நிறுத்தி, பழைய வாளியையும் மக்கையும் நாடு கடத்தி, ஜன்னலில் இரண்டு செடிகளை வைத்து, அலமாரியில் மெழுகுவர்த்திகளை நிறுத்தி, சுவரில் ஒரு படகுப் படத்தை மாட்டி, பூவேலை செய்த ஒரு துண்டைத் தொங்கவிட்டு, அதை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். துண்டை.

"கொக்கி எங்க?" என்று கேட்டாள் மனைவி.

"இந்த டைல்ஸ்ல போய் ஓட்டை போடறதா?"

"அப்ப துணியை எங்க போடறது?"

"வெளியிலயே வச்சுட்டுப் போ."

"எதை? துணியையா, மானத்தையா?"

ரசிகர் படகுப் படத்தை நேராக்கப் போய்விட்டார்.

தரைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "வாட்டம் எந்தப் பக்கம் சார் வைக்கட்டும்?"

தண்ணீர் போகிற துவாரத்தை நோக்கித் தரையைச் சற்றுச் சரித்துப் போடுவதைக் கட்டட வேலையில் வாட்டம் என்பார்கள். நம் ரசிகருக்குத் தெரிந்ததோ பூ வாடுகிற வாட்டம், முகம் வாடுகிற வாட்டம். அவருக்குச் சுருக்கென்றது.

"என் பாத்ரூம்ல எந்தப் பக்கமும் வாட்டமே இருக்கக் கூடாது. உள்ள நுழைஞ்சா மனசு பூரிக்கணும்."

"கொஞ்சமாவது வேணுமே சார்."

"துளிகூட வேணாம்."

டைல்ஸ்காரர் செடிகளைப் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார். படகைப் பார்த்தார். இது குளிக்கிற அறை இல்லை, ஏதோ கடைக்கான ஜோடனை என்று அவரும் தன் பங்குக்குத் தப்பாக முடிவு கட்டி, தரையை மேசை மாதிரி மட்டமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இருவருக்கும் பரம திருப்தி.

வேலை முடிந்தும் மனைவிக்கு விடுதலை இல்லை. பக்கத்து வீட்டுக்குச் சோப்பு டப்பாவும் தலை துவட்டும் துண்டுமாகப் போய்க் குளித்து, அந்த வீட்டம்மாளின் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "மச்சான் வந்து ஒரு தடவை பாக்கட்டும். அப்புறம் நனைக்கலாம்" என்றார் ரசிகர்.

"அண்ணன் இருக்கும்போதும் நான் துண்டைத் தூக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகணும்னா, அப்படியே அவர்கூடக் கிளம்பிடுவேன்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, பையைக் கட்டி ஹாலில் வைத்தாள். ரசிகர் அந்தப் பையை இரண்டு தடவை சுற்றி வந்தார். அவருக்கு மனைவி மேல் உயிர். ஆனால் டைல்ஸும் உலர்ந்தல்லவா இருக்க வேண்டும்?

அண்ணன் வந்தார். பார்த்தார். செடிகளை எண்ணினார், தன் வீட்டை விட ஒன்று அதிகம் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் சுண்டியது. ரசிகர் பிறந்த பயனை அடைந்தார்.

"சரி மாப்பிள்ளை, உடம்பெல்லாம் பயணத் தூசி. குளிச்சிட்டு வந்துடறேன்."

"கொஞ்சமா குளிங்க மச்சான்."

"கொஞ்சமான்னா?"

"முழங்கால் வரைக்கும்."

அண்ணன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். ஷவர் கொட்டியது, பாட்டும் கேட்டது. தண்ணீர் துவாரத்தைத் தேடியிருக்க வேண்டும். அது ஒரு மூலையில், யாரையும் வாவென்று கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்கும் விருந்தாளியின் சுபாவம்தான்: பாத்ரூமைப் பார்த்து முடித்ததும், மற்ற அறைகளையும் பார்க்கலாம் என்று கதவுக்கு அடியில் புறப்பட்டது. மிதியடி நனைந்தது. செருப்பு நகர்ந்தது. அலமாரியிலிருந்து விழுந்த ஓர் ஒல்லி மெழுகுவர்த்தி மிதந்து வந்து, மனைவி கட்டி வைத்திருந்த பையின் மேல் இடித்து நின்றது.

இடுப்பில் துண்டும், கொக்கி இல்லாததால் கழுத்தில் சுற்றிய துணிகளுமாக அண்ணன் வெளியே வந்தபோது, ரசிகர் தவழ்ந்துகொண்டிருந்தார். கையில், தொடக்கூடாத அந்தத் துண்டு. பையைச் சுற்றி அணை கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி அவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பையைத் தூக்கினாள். ரசிகர் துண்டைப் போட்டுவிட்டு எழுந்தார். அவளோ அதிலிருந்து மாற்றுத்துணியை உருவிக்கொண்டு, பையை அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க. எல்லாம்தான் நனைஞ்சாச்சே. நான் குளிக்கப் போறேன்."

நெடுநேரம் குளித்தாள். தரையில் வைக்க மறுத்த வாட்டம் முழுவதையும் முகத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளியபடி நின்றார் ரசிகர். அண்ணன் மெல்ல அருகே வந்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் படகுப் படம் எங்க வாங்கினீங்க?"

அவ்வளவுதான். வாட்டம் போன இடம் தெரியவில்லை.

நல்லவேளை, நீங்கள் இப்படி இல்லை. எதற்கும் உங்கள் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'அடடா, ஈரத்தில் இந்த டைல்ஸுக்குத்தான் என்ன பளபளப்பு' என்று தோன்றுகிறதா? திரும்பிப் பாருங்கள். தண்ணீர் ஹாலுக்குப் போய்விட்டிருக்கும்.