எந்த ஊர்க் கப்பல்?

ஊர்க் கப்பல் ஆராய்ச்சியாளர் என்று ஓர் இனம் உண்டு. யாரும் விதைக்கவில்லை, தானாக முளைத்தது. தன் ஊரில் என்றோ கட்டிய கப்பல்கள் யார் கைக்கு மாறின, எந்தப் பெயரில் ஓடின, எந்தப் பாறையில் மோதின என்று தேடிக்கொண்டே இருப்பதுதான் இவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. அதனால் விடுமுறையும் கிடையாது.

இந்த மருந்துக்கடைக்காரரைப் பாருங்கள். இருமல் மருந்து கேட்டு வருபவரிடம், உங்கள் தாத்தா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தாரா என்று விசாரிப்பார். இல்லை என்றால் மருந்து கிடைக்கும். ஆமாம் என்றால் நாற்காலி கிடைக்கும். மருந்து, இருமல் தானாக நின்ற பிறகு. அந்தத் தளம் கார் நிறுத்துமிடமாகிப் பல காலமாயிற்று. அதனாலென்ன? எந்தக் கார் எந்தக் கப்பல் பிறந்த இடத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் விடியுமுன்பே எழுந்துவிட்டாள். அவள் விரும்பும் பையனின் பெற்றோர் கல்யாணம் பேச வருகிறார்கள். கூடத்துச் சுவரிலிருந்த கப்பல் படங்களை எல்லாம் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஒன்றை மட்டும் விட்டாள்; அதன் பின்னால் ஈரக்கறை.

"அப்பா, அவங்க போற வரைக்கும் கப்பல்ங்கிற வார்த்தையே வரக்கூடாது."

"நான் எதுக்கும்மா பேசப்போறேன்?" என்றவர், சொன்னபடியே உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேசியவர் பையனின் அப்பா. தேநீரை வாயருகே கொண்டுபோனவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். "அட, இது எங்க ஊர்ல கட்டின கப்பலாச்சே."

மருந்துக்கடைக்காரர் மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சிவந்தார், கனைத்தார். கடைசியில், கப்பலைக் கட்டியது இங்கே, இயந்திரம் பொருத்தத்தான் அங்கே இழுத்துப் போனார்கள் என்றார். இயந்திரம் இல்லாதது கப்பல் இல்லை, வெறும் தொட்டி என்றார் வந்தவர். கட்டிலுக்கடியிலிருந்து படங்கள் வெளியே வந்தன. வந்தவரின் பைக்குள்ளிருந்தும் வந்தன. அவரும் அதே இனம்!

"நானும் சத்தியம் வாங்கிட்டுதான் கூட்டிட்டு வந்தேன்" என்று பையன் அவளிடம் முணுமுணுத்தான்.

இது தீராமல் கல்யாணப் பேச்சே இல்லை என்று இரண்டு அப்பாக்களும் எழுந்துவிட்டார்கள். மகள் வாசலை மறித்து நின்றாள்.

"பாதி இங்க, பாதி அங்க. ரெண்டு ஊருக்கும் பொதுன்னு எழுதிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். சாமான்யர்களைக் கண்டால் இந்த இனத்துக்கு வரும் அதே பார்வை.

"பார்த்தீங்களா சம்பந்தி," என்றார் பையனின் அப்பா வேதனையோடு, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஆராய்ச்சின்னா விளையாட்டாப் போச்சு."

"என்னத்தைச் சொல்றது சம்பந்தி" என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார் மருந்துக்கடைக்காரர்.

சம்பந்தியா? மகள் வாசலை விட்டு விலகி, இன்னொரு சுற்றுத் தேநீர் போடப் போனாள். அம்மாக்கள் இருவரும் சத்தமில்லாமல் தேதி குறிக்கப் போனார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கதை முடிந்தது, எல்லோரும் எழுந்து போகலாம். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு, உண்மையில் அது எந்த ஊர்க் கப்பல் என்று யோசிக்கிறீர்கள்?