எந்தப் பிரிவிலும் சேராத மஃபின்

ஒரு மஃபின் தட்டு இனிப்பைச் சேர்ந்ததா, காரத்தைச் சேர்ந்ததா என்பது நாட்டின் நலனைப் பாதிக்கும் கேள்வி என்று நமக்கெல்லாம் தெரியாமலே இருந்தது. தெரியவைத்த பெருமை உணவு உரிம அலுவலகத்தையே சேரும். அங்கே கீழ்மாடியில் இனிப்புப் பிரிவு, மேல்மாடியில் காரப் பிரிவு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் தெருமுனையில் மஃபின் அக்கா கடை போட்டிருந்தாள். ஓட்டல் வேலையை உதறிவிட்டு, வேறு பிழைப்புக்கு வழி வைத்துக்கொள்ளாமல் போட்ட கடை. அடுப்பு சின்னது, ஒரு தட்டுதான் நுழையும். அதனால் பணியாரச் சட்டி மாதிரி குழி வைத்த ஒரே தட்டில் ஒரு பக்கக் குழிகளில் வாழைப்பழ மாவும் மறுபக்கக் குழிகளில் முட்டையும் வெங்காயமும் மிளகும் ஊற்றி வேகவைப்பாள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் வாங்கித் தின்றுகொண்டே ஓடுவார்கள். ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை. அலுவலகத்துக்குத்தான் வலித்தது.

இனிப்புப் பிரிவு அதிகாரி வந்தார்.

“இந்தத் தட்டு இனிப்பாம்மா, காரமா?”

“ரெண்டுக்கும் பொதுங்க சார். வலது பக்கம் இனிப்பு, இடது பக்கம் காரம்.”

“திருப்பி வெச்சா?”

“பக்கம் மாறிடும்.”

“அப்போ இது நிலையில்லாத தட்டு” என்று சொல்லிக் கடைக்குப் பூட்டுப் போட்டார்.

அக்கா கீழ்மாடிக்கும் மேல்மாடிக்கும் நாயாய் அலைந்தாள். வாழைப்பழம் இருக்கும்வரை தட்டைத் தொடமாட்டோம் என்றது காரப் பிரிவு. வெங்காய வாசனையில் கையெழுத்துப் போட முடியாது என்றது இனிப்புப் பிரிவு. ஆய்வுக்கென்று இரண்டும் மாதிரி கேட்டன. தின்று தீர்ந்ததும் ஆய்வு போதவில்லை என்று மறுபடியும் கேட்டன. கடைசியில் பெரிய அதிகாரி கருணைகூர்ந்து ஓர் உத்தரவு பிறப்பித்தார்: சர்க்கரையும் வேண்டாம், உப்பும் மிளகும் வேண்டாம், இரண்டுமற்ற பண்டம் எந்தப் பிரிவுக்கும் கட்டுப்படாதது, ஆகவே தாராளமாக விற்றுக்கொள்ளலாம்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சுட்டாள். வெந்த மாவு, அவ்வளவுதான். சுவரைச் சுரண்டித் தின்றால்கூட ஏதோ ஒரு ருசி இருக்கும். சில நாள் ஈ ஓட்டினாள். பிறகு, கைபேசியில் ஊருக்கே சாப்பிடக் கற்றுக்கொடுக்கும் சீமாட்டி ஒருத்தி வந்து ஒன்றைக் கடித்தாள், கண்ணை மூடினாள், “இது நாக்கோட பேரம் பேசலை” என்றாள். மறுநாள் வரிசை தெருவைத் தாண்டியது. டாக்டர் வந்தார், வக்கீல் வந்தார், கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டு “என்ன ஒரு தூய்மை” என்றார்கள். சப்பென்று இருக்கிறதே என்று கேட்டுவிட்ட ஒரு பிளம்பரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில், மாதிரி வருவது நின்றுபோன துக்கத்தில் இரண்டு பிரிவுகளும் முதன்முறையாக ஒன்றுகூடி, பழைய தட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டன. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாழைப்பழமும் முட்டையும் வெங்காயமும் திரும்பவும் தட்டில் ஏறின. வாசனை தெருவெல்லாம் அடித்தது. வரிசையில் நின்றவர்கள் கடித்தார்கள், முகம் சுளித்தார்கள், கலைந்து போனார்கள்.

அன்று சாயங்காலமே இனிப்புப் பிரிவு அதிகாரி தயங்கித் தயங்கி வந்தார்.

“சாப்பாட்டுல ருசி இருக்குன்னு புகார் வந்திருக்கும்மா.”

“சட்டப்படி அது தப்பா சார்?”

“தப்பே இல்லை. இந்தத் தடவை நாங்க ஒண்ணுமே பண்ணலை, எல்லாம் பொதுமக்கள்தான். என் வீட்டம்மா கையெழுத்துதான் முதல்ல இருக்கு. ஆனா மறுபடியும் சப்புன்னு சுடலைன்னா கடைக்கு யாரும் வர மாட்டாங்களாம்.”

அக்கா சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் எடுத்து அவர் கையில் கொடுத்து, வீட்டுக்காவது ஆகட்டும் என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதிகாரி போட்ட உத்தரவை எதிர்த்து மேலே மனுப் போடலாம். நாமே நமக்குப் போட்டுக்கொண்டதை எதிர்த்து யாரிடம் போவது? இந்த வெட்கங்கெட்ட கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அதனால்தான் நானும் வரிசையில் நிற்கிறேன். நல்ல ருசியில்லாததாகப் பார்த்து எடுத்துவைக்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.