இருபத்து நான்கு பிட் கெட்டி மேளம்

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மேளக்காரர் கையை விரித்துவிட்டார்.

தங்கராஜு அப்போது செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் மேடையருகே இருந்தார். பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மேடைமேல் நின்றது. பின்னால் ஆறு லோரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. போனில் நாதஸ்வரக்காரர் லோகேஸ்வரன் இழுத்து இழுத்துப் பேசினார்.

"அண்ணே, அதே நாளு, அதே முகூர்த்தம், கிள்ளான்ல இன்னொரு கல்யாணம். ரெண்டு வீட்டுக்கும் சரின்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

"அப்ப எங்க கல்யாணம்?"

"வேற ஆளு பாத்துக்குங்கண்ணே. ஆவணி மாசம், கிடைக்கிறது கஷ்டந்தான் லா."

பெண்ணைப் பெற்ற வேறு எவராக இருந்தாலும் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். தங்கராஜுவுக்கோ மனத்தின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு மகிழ்ச்சி எட்டிப் பார்த்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதிக நேரம் வெட்கப்படவில்லை.

காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவர் பாட்டு சேர்க்கிறார். நாற்பத்தோராயிரம் பதிவுகள். எல்லாம் சிடியைவிட நுணுக்கமாக, இருபத்து நான்கு பிட்டில் பதிந்தவை, ஹைரெஸ் என்பார்கள். கோயில் திருவிழா, கச்சேரி, கல்யாணம் என்று நாதஸ்வரம் மட்டுமே அறுநூறு. அத்தனையையும் சட்டைப் பையில் போட்டுக் கேட்க ஒரு நல்ல ஹைரெஸ் பிளேயர் வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மூன்று பிளேயர்களுக்கு நடுவே அல்லாடிக்கொண்டிருந்தார். வாங்குவதற்கு ஒரு நியாயம் மட்டும்தான் கிடைக்காமல் இருந்தது.

வீட்டில் மனைவி நவமணி விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கெட்டி மேளம் இல்லாம தாலி கட்டுறதா? அந்த அன்னபாக்கியம் அம்மாவ மறந்துட்டீங்களா?"

யாரும் மறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா குமாரசிங்கத்தின் அக்கா அவர். சாம்பிராணி வாசம் பட்டால் தும்முவார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றக் கை நீட்டிய நொடியில் ஒரு தும்மல் போட்டார். சகுனம் சரியில்லை என்று குமாரசிங்கம் தட்டைத் திருப்பி வைத்து, அடுத்த நல்ல நேரம் வரும்வரை முக்கால் மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்தார். தாலி கட்டும்போது அப்படி ஒரு தும்மல் சபையில் கேட்டால் அவ்வளவுதான். தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழாமல் இருக்கத்தானே அந்த நேரத்தில் மேளத்தைக் கெட்டியாகக் கொட்டச் சொன்னார்கள்.

"நான் இருக்கேன்ல. என் தொகுப்புல இருக்கிற கெட்டி மேளம் எந்த மேளக்காரன்கிட்டயும் இல்ல. ஒரு பிளேயர் வாங்குனாப் போதும்" என்றார் தங்கராஜு.

கல்யாணப் பெண் துளசி தலையை நீட்டினாள். "ஃபோன்லயே போடலாமேப்பா?"

"ஃபோன்ல போட்டா தவில் தகர டப்பா மாதிரி கேக்கும்மா."

நவமணி யோசித்தாள். "பத்தாங் காலி கோயில்ல மூணு பேரு வாசிக்கிறாங்க. எங்க பெரியப்பா மகனுக்குத் தெரிஞ்சவங்க. ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கவா?"

"அப்ப என் மேல உனக்கு நம்பிக்கை இல்ல."

அன்று இரவு தங்கராஜு சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் தோசையைத் தொடவில்லை. மதியம் நவமணி, "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில்லையே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிளேயரைத் தேர்ந்தெடுக்க நான்கு நாள் ஆனது. முதலாவதைப் பற்றி இணையத்தில் யாரோ ஒருவர், 'ஒலி கொஞ்சம் இருட்டு' என்று எழுதியிருந்தார். இருட்டான ஒலியில் மகளுக்குத் தாலி கட்டுவதா என்று அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். இரண்டாவது ஆறு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடுமாம். மூன்றாவது செங்கல் கனம். கோலாலம்பூர் கடையில் அதைக் காதில் மாட்டி, கண்ணை மூடி, ஒரே தவில் தனியை ஒன்றரை மணி நேரம் கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று கடைக்காரப் பெண் இரண்டு முறை வந்து தோளைத் தட்டிப் பார்த்தாள்.

செங்கல்லோடு வீடு திரும்பினார்.

கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வைக்கும் கணேஸ்வரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல என் வயர எங்கண்ணே சொருகுறது? ஓட்டை பெருசா இருக்கு."

"அந்த ஓட்டைதான் இதோட சிறப்பே. சத்தம் சுத்தமா வரும்."

"சுத்தமா வரும், சரி. வெளிய எப்படி வரும்?"

அந்தத் துளைக்கென்று தனி வயர் வரவழைத்தார். வர ஒன்பது நாள் பிடித்தது. மாட்டியதும் ஸ்பீக்கரில் தேனீக்கூட்டம் போல ஒரு இரைச்சல். இரைச்சலைப் போக்க நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தார். அந்தப் பெட்டியோடு பேச வேண்டுமானால் பிளேயருக்குப் புது மென்பொருள் ஏற்ற வேண்டும் என்றது திரை. ஏற்றினார். இரைச்சல் நின்றது. கூடவே, திரையில் இருந்த தமிழ் எழுத்தெல்லாம் போய்விட்டது.

நாற்பத்தோராயிரம் பாட்டும் இப்போது வெறும் கட்டங்கள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். தமிழ் ஆர்வத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்த மனிதருக்கு நேர்ந்த கதி இது.

கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தார். பிளேயர் அதைச் சட்டை செய்யவில்லை. பதிவின் உள்ளே இருக்கும் பெயரைத்தான் அது காட்டுமாம். உள்ளே எதையாவது மாற்றினாலோ அழித்தாலோ, பேட்டரி தீர்ந்து அணைந்தாலோ முழுத் தொகுப்பையும் முதலிலிருந்து எண்ணும். எண்ணி முடிக்க நாற்பது நிமிடம். முடிந்ததும் வரிசை வேறு மாதிரி இருக்கும்.

கடைசியில் வரியை எண்ணி மனப்பாடம் செய்துகொண்டார். மேலிருந்து ஏழாவது வரி கெட்டி மேளம். ஏழாவதைத் தொட்டார். வீடே அதிர்ந்தது. எட்டாவது என்ன என்று பார்க்க அதையும் தொட்டார்.

நவமணி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். எட்டாவது வரி சாவு மேளம். போன வருடம் செத்துப்போன, தோட்டத்து ஆட்களை மேற்பார்த்த பழைய மண்டோரின் இறுதி ஊர்வலத்தில் அவரே பதிவு செய்தது.

"நல்ல காரியம் வச்சிருக்கிற வீட்டுல என்னங்க இது? அத அழிச்சிருங்க."

"அழிச்சா வரிசை மாறிரும். அதோட, பதிவு அவ்வளவு அருமையா வந்திருக்கு, நவமணி."

"வேணுங்கிறத மட்டும் வச்சுக்கிட்டா என்ன?"

"தொகுப்புன்னா முழுசா இருக்கணும்."

நவமணி சாமி படத்துக்குச் சூடம் ஏற்றிவிட்டு, சாப்பாட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "முன்னூறு இல்ல, முன்னூத்தி மூணுன்னு போட்டுக்குங்க."

"யாரு அந்த மூணு பேரு?"

"கடைசி நேரத்துல யாராச்சும் வருவாங்க."

கல்யாணத்தன்று கோலசிலாங்கூர் மண்டபத்துக்குத் தங்கராஜு ஆறு மணிக்கே போய்விட்டார். ஏழாவது வரி, ஏழாவது வரி என்று உதடு முணுமுணுத்தபடி இருந்தது. மணவறைக்குப் பின்னால் கட்டும் பூத்திரை சுவரைவிட்டு ஆறடி முன்னால் நின்றதைப் பார்த்து, மண்டபத்தை அலங்கரித்தவரிடம் கேட்டார்.

"நவமணி அக்காதான் சொன்னாங்க. சுவத்துல ஈரமாம்."

சுவரில் ஈரம் எதுவும் தெரியவில்லை. அதைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. பிளேயரைக் கணேஸ்வரனின் மேசையருகே சார்ஜில் போட்டுவிட்டு வாசலில் பன்னீர் தெளிக்கப் போனார். எட்டு ஐம்பதுக்குத் திரும்பினால், சார்ஜர் இருந்த பிளக்கில் வேறொரு வயர் இருந்தது. அதன் மறுமுனையில் ஒப்பனைக்காரி திலகா, மணப்பெண்ணின் தோழிக்கு முடி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சே நிமிசம் அங்கிள்."

பிளேயர் அணைந்து கிடந்தது. மறுபடி சார்ஜில் போட்டு உயிர் கொடுத்தார். திரையில் ஒரு கோடு ஓடத் தொடங்கியது. நாற்பத்தோராயிரம் பாட்டையும் அது முதலிலிருந்து எண்ணுகிறது. தாலி கட்டும் நேரம் ஒன்பது இருபது. முப்பது நிமிடத்தில் நாற்பது நிமிட வேலை.

குமாரசிங்கம் பட்டு வேட்டியோடு பக்கத்தில் வந்து நின்று, தன் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார். "சம்பந்தி, மேளக்காரர் எங்க? ஒருத்தரையும் காணேல்ல."

"இதோ, கையிலயே இருக்காங்க."

குமாரசிங்கம் அதைச் சோப்புக்கட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எனக்கு அக்காவின்ர தும்மல்தான் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்னபாக்கியம் அம்மாள் முதல் வரிசையில், நேராக ஓமகுண்டத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். புகை அவர் பக்கமாகவே போனது. கையில் கைக்குட்டை தயாராக இருந்தது.

ஒன்பது பதினைந்து. கோடு பாதி தாண்டியிருந்தது. தங்கராஜுவின் பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டியது.

"அண்ணே, நான் வேணா என் ஃபோன்ல..." என்றான் கணேஸ்வரன்.

"வேண்டாம்."

"பொண்ணோட அப்பா மேடைக்கு வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ஒரே மகள் மணவறையிலிருந்து அவரைத் தேடுவது தெரிந்தது. இந்தச் செங்கல்லை நம்பி என் பிள்ளையின் கல்யாணத்தை வைத்துவிட்டேனே என்று முதல்முறையாக, மனசார, தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒன்பது இருபது. முக்கால்வாசி. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை சிவநாதன் கையில் கொடுத்தார். அன்னபாக்கியம் அம்மாளின் மூக்கு விடைத்தது. கைக்குட்டை மேலே போனது. நவமணி மணவறையில் மகளுக்குப் பின்னால் நின்றபடி, சரிந்த பூச்சரத்தை ஒதுக்குவதுபோலப் பூத்திரையை லேசாகத் தட்டினாள்.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று ஐயர் விரலை ஆட்டினார்.

எண்ணிக்கை முடியாத பட்டியலில் ஏதோ ஒரு ஏழாவது வரி இருந்தது. கட்டங்கள். கெட்டி மேளமா, சாவு மேளமா, சாமிக்குத்தான் தெரியும். தங்கராஜு கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

மண்டபம் அதிர்ந்தது.

கெட்டி மேளம். சந்தேகமே இல்லை, கெட்டி மேளம்தான். தவில் இடியாக இறங்க, நாதஸ்வரம் அதன் மேலே ஏறி நின்றது. அன்னபாக்கியம் அம்மாள் உடம்பே குலுங்கத் தும்மியது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. மூன்று முடிச்சும் விழுந்தன. அட்சதை பறந்தது.

தங்கராஜு அழுதுவிட்டார். கையிலிருந்த பிளேயரைப் பார்த்தார். திரை கறுப்பாக இருந்தது. பாடும்போது திரையை அணைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அதைச் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார். கணேஸ்வரன் ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

பந்தியில் குமாரசிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, நான் இத நம்பேல்ல. நேர வாசிச்ச மாதிரியெல்லோ கிடந்தது."

"அதான் ஹைரெஸ்" என்றார் தங்கராஜு. இலையில் சோறு ஆறுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. "இருபத்து நாலு பிட்டு. பன்னெண்டு வருசமா இந்தப் பதிவ நான் கேக்குறேன் சம்பந்தி. இன்னிக்குத்தான் ஒண்ணு கவனிச்சேன். கெட்டி மேளம் அடங்கி நாதஸ்வரம் மட்டும் போகுது பாருங்க, அந்த இடத்துல தவில்காரர் மெல்ல இருமுறாரு. இத்தனை வருசமா அந்த இருமல் எனக்குக் கேட்டதே இல்ல. ஃபோன்ல போட்டா வருமா அது?"

"வராது" என்று நவமணி ரசம் ஊற்றினாள்.

"நீ அன்னிக்கு நம்பல."

"இப்ப நம்புறேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

பந்தியின் கடைசியில் அறிமுகம் இல்லாத மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவரின் சட்டைகளும் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாக இருக்கும் என்று தங்கராஜுவே பாயச வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

"நல்லா சாப்பிடுங்க. கூச்சப்படாதீங்க."

மூவரில் பெரியவர் சட்டென்று எழுந்து, இடது கையால் வாயை மூடி இருமிவிட்டு, சங்கடமாகச் சிரித்தார்.

"மன்னிச்சிக்குங்கண்ணே, வாசிக்கிறப்பயும் இப்படித்தான் ஒரு தடவ இருமிட்டேன், அந்தப் பூத்திரைக்குப் பின்னால ஒரே தூசி லா."