கருப்பு மல்லிகையும் நூற்று நாற்பத்து மூன்று லோரிகளும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
வெள்ளிக்கிழமை, பசியாறிய பின்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் சிவநேசன் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் தம்புசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா சீதாலெட்சுமியும் முழங்கால் நீங்கலாக நலமாக இருக்கிறோம். செமினியில் நீங்களும் வீட்டாரும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள் என்பதால் தாளில் எழுதுகிறேன். விஷயம் உங்கள் சேமநிதிப் பணத்தைப் பற்றியது. வருகிற இருபத்தெட்டாம் தேதி அது உங்கள் கைக்கு வருகிறது. வந்த அன்றே அதை முழுதாக எங்கே போட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் கிள்ளான் மண்டபத்தில் நடந்த கல்யாண விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "மச்சான், உங்களுக்குப் பங்குன்னா பங்காளிச் சண்டைதான் தெரியும். ஷேர் மார்க்கெட்டெல்லாம் உங்களுக்கு எதுக்குலா?" என்று சத்தமாகச் சொன்னீர்கள். பதினான்கு பேர் சிரித்தார்கள். எண்ணிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் வேகன் எண்ணியவன், சிரித்த வாயை எண்ணாமல் விடுவேனா? நான் கோபப்படவில்லை. பாயசம்தான் இறங்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், ஒரு கம்பெனியை முறைப்படி ஆராய்ந்து, பங்கு வாங்கி, உங்கள் முன்னால் நிமிர்ந்து நிற்பேன் என்று. இப்போது நிற்கிறேன் மச்சான். எங்கள் கடைசிக் காலத்துக்கென்று வைத்திருந்த நாற்பதாயிரம் வெள்ளியை எடுத்துப் போட்டேன். ஐந்தே மாதத்தில் அது ஐம்பத்தோராயிரமாகிவிட்டது. எனக்கே என்னைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது. இதை மறைப்பானேன்?

கம்பெனியின் பெயர் மெலூர் ஹித்தாம் பெர்ஹாட். மெலூர் என்றால் மல்லிகை, ஹித்தாம் என்றால் கருப்பு. கருப்பு மல்லிகை! கப்பலில் வரும் நிலக்கரியைக் கிள்ளானில் இறக்கி, கழுவி, உடைத்து, சலித்து, ஆலைகளுக்கு விற்கிறார்கள். சின்னக் கம்பெனிதான். "கரியைக் கழுவினா வெளுத்துடுமாங்க?" என்று உங்கள் அக்கா கேட்டாள். பொருளாதாரம் தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் தாத்தா இதே பிரிக்பீல்ட்ஸில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர், என் அப்பா அந்த எஞ்சினை ஓட்டியவர். எனக்குக் கரி பரம்பரையாக வந்த படிப்பு. எனவே ஆண்டறிக்கையைக் கொண்டுவந்து படித்தேன். நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம். அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர், "அங்கிள், இத யாரும் படிக்க மாட்டாங்களே" என்றார். அதனால்தான் நான் படித்தேன்.

படித்ததில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன், நீங்களே வியப்பீர்கள். கம்பெனியின் விற்பனையில் நூற்றுக்கு எண்பத்தொன்று ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. இந்தக் காலத்தில் யார் இப்படி ஏகபத்தினி விரதம் காக்கிறார்கள்? ஏழு வங்கிகள் நம்பிக் கடன் கொடுத்திருக்கின்றன. உங்களை எத்தனை வங்கி நம்புகிறது, எண்ணிப் பாருங்கள். விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம் என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற கம்பெனிகளுக்கு அதில் பதினெட்டு, இருபத்தைந்து என்று ஏதேதோ எண் இருக்கும், நம் கம்பெனிக்குச் சுத்தமாக ஒரு சின்னக் கோடு மட்டும், ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தணிக்கையாளர் தம் அறிக்கையில் ஒரு பத்தி முழுக்கத் தடித்த எழுத்தில் 'கோயிங் கன்சர்ன்' என்று குறிப்பிட்டு வலியுறுத்தியிருக்கிறார். கோயிங் என்றால் போய்க்கொண்டே இருப்பது, கன்சர்ன் என்றால் அக்கறை. ஒரு தணிக்கையாளர் அக்கறையோடு ஒரு பத்தி எழுதிப் பாராட்டுவது சும்மா கிடைக்கிற மரியாதையா?

ஆனால் காகிதத்தை மட்டும் நம்புகிறவன் நான் இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று செவ்வாய்க்கிழமை, கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் கரி ஆலைக்குப் போனேன். உங்கள் அக்காவையும் கூட்டிப்போனேன், எனக்குச் சோறு கட்டிவர ஆள் வேண்டுமே. ஆலை வாசலுக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை, தே தாரிக்குக்கு மேல் தே தாரிக் குடித்துக்கொண்டு லோரிகளை எண்ணினேன். எங்கள் சரக்கு அலுவலகத்து முறைதான். கேட்டைத் தாண்டினால் ஒரு கோடு. உள்ளே போனாலும் கோடு, வெளியே வந்தாலும் கோடு. மூன்று நாளில் நூற்று நாற்பத்து மூன்று கோடுகள்! உள்ளே போகும் லோரிகள் பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு போகின்றன, வெளியே வரும் லோரிகளோ துள்ளிக் குதித்துக்கொண்டு வருகின்றன. அந்தக் கம்பெனியில் லோரிக்குக்கூட உற்சாகம். முதல் செவ்வாய் மதில் உயரத்துக்கு இருந்த கரிக் குவியல், மூன்றாம் செவ்வாய் பின்னாலிருந்த கூரையையே மறைத்துவிட்டது. அத்தனையும் சொத்து மச்சான், சொத்து! "விக்கிற சாமான் எதுக்குங்க இப்படிக் குவிஞ்சு கிடக்குது?" என்று அவள் கேட்டாள். எண்ணிக்கை தவறிவிடப்போகிறது என்று அடுத்த கோட்டைப் போட்டேன்.

அந்த ஒட்டுக்கடையில் ஒரே ஒரு தொல்லை. வலப்பக்கத்தில் ஒரு மசாலா அரைக்கும் ஆலை, மூன்று கரண்டி மார்க் மசாலாத்தூள் இருக்கிறதே, அவர்களுடையது. மிளகாய் வாடை தாங்க முடியவில்லை. உங்கள் அக்கா மூன்று நாளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாக அந்தத் தூளைத்தான் வாங்குகிறாள். இந்த வருடம் இரண்டு தடவை விலை ஏற்றினான், அப்படியும் வரிசையில் நின்று வாங்கி வந்தாள். "எல்லாரும் நிக்கிறாங்க, நானும் நின்னேன்" என்றாள். விலை ஏற்றியவனிடமே போய் நிற்கிறவர்களுக்கு எப்படிப் பொருளாதாரம் புரியும்?

முடிவெடுத்ததும் தரகர் யுகேந்திரனைக் கூப்பிட வேண்டியிருந்தது. என் பெயரில் பங்குக் கணக்கு திறந்து கொடுத்த பையன் அவன்தான். கைப்பேசி சம்பந்தப்பட்ட எதுவும் எங்கள் வீட்டில் உங்கள் அக்காவின் துறை. மின்சாரக் கட்டணம், கோயில் ரசீது, பங்குக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் கண்ணாடியைத் தடவினால் வேறெங்கோ போய்விடும். "மொத்தப் பணத்துக்கும் கரி கம்பெனி ஷேர் வாங்கச் சொல்லு" என்றேன். அவள் அடுப்படியிலிருந்தே பேசினாள், என் காதால் கேட்டேன். "ஆமா தம்பி, கரி கம்பெனிதான். கிள்ளான்ல இருக்கே, அதான். மொத்தமும்." அதற்குப் பிறகு ஏதோ எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்றாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து நான் விலைப்பட்டியல் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. விலையைப் பார்த்தால் மனம் அலையும். வெள்ளிக்கிழமை தோறும் அவளே கைப்பேசியைப் பார்த்து, "மூணு காசு ஏறியிருக்குங்க", "அஞ்சு காசு ஏறியிருக்குங்க" என்று சொல்லுவாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

இப்போது கேளுங்கள், போன மாதம் கிள்ளான் ஹோட்டல் ஒன்றில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். கோட்டு போட்டுக்கொண்டுதான் போனேன். வாசலில் இருந்த பெண் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, "அங்கிள், உங்க பேரு லிஸ்ட்ல இல்ல" என்றாள். நம் பெயருக்கு இந்த நாட்டில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று உங்களுக்குத் தெரியும்தானே. எச் போட்டுத் தேடு, எச் இல்லாமல் தேடு, பி-க்கு முன்னால் 'என்' எழுத்துப் போட்டுத் தேடு என்று ஐந்து விதமாகத் தேடச் சொன்னேன். எதிலும் இல்லை. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கச் சேவை செய்தவனை வாசலில் நிறுத்துகிறாயா அம்மா என்று கேட்டேன். பாவம், பயந்துபோய் உள்ளே விட்டுவிட்டாள். பிரியாணிப் பொட்டலமும் ஒரு குடையும்கூடக் கொடுத்தாள்.

உள்ளே ஒரே கூச்சல். ஆளாளுக்கு எழுந்து இயக்குநர்களைத் திட்டுகிறார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "என் காசு பாதியாப் போச்சு அண்ணே!" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "எனக்கு ஏறியிருக்கே, பாஸ்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். ஒரே கம்பெனிப் பங்கு, அவருக்குப் பாதியாகிறது, எனக்கு ஏறுகிறது என்றால் வாங்கிய நேரம் அப்படி. மனம் கேட்காமல் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று லோரிகளைச் சொன்னேன். கரிக் குவியலைச் சொன்னேன். தணிக்கையாளரின் அக்கறையைச் சொன்னேன். மேடையில் இருந்த இயக்குநர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைவர் கீழே இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையில் மாலை போட்டு ஓய்வு கொடுத்து அனுப்பிய நாளில்கூட எனக்கு யாரும் எழுந்து நின்று கை தட்டியதில்லை, சிவநேசன்.

ஆகவே நான் சொல்லவருவது இதுதான். இருபத்தெட்டாம் தேதி பணம் வந்ததும் ஒரு நாள்கூட வீட்டில் வைக்காதீர்கள். நேரே மெலூர் ஹித்தாம். முழுவதும் போடுங்கள். கல்யாண மண்டபத்தில் சொன்னதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். "மச்சான், நீங்க சொன்னது சரி" என்று ஒரு வார்த்தை, அதுவும் போனில் சொன்னால் போதும். பதினான்கு பேரையும் கூப்பிட்டு நானே தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சேர்ப்பியுங்கள். உங்கள் குடும்பம் என் பங்குபோல் வெள்ளிக்கு வெள்ளி ஏறுமுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலனில் கோயிங் கன்சர்ன் உள்ள மைத்துனன்,
தம்புசாமி

பி.கு.: உறை ஒட்டும் கோந்து உங்கள் அக்காவிடம் இருப்பதால் கடிதத்தை ஒட்டாமலே அவளிடம் தருகிறேன். அவள் படிக்க மாட்டாள். படித்தாலும் இது அவளுக்குப் புரியாது.

பி.கு. 2: தம்பி, அக்கா எழுதுகிறேன். படித்துவிட்டேன். உன் சேமநிதிப் பணத்தில் ஒரு காசுகூடக் கரியில் போடாதே. அந்தக் கம்பெனி பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. தணிக்கையாளர் எழுதியது பாராட்டு இல்லை, கம்பெனி நீடிக்குமா என்ற சந்தேகம்; அந்தச் சின்னக் கோடு லாபமே இல்லை என்பதற்கு. உன் மச்சான் எண்ணியது நூற்று நாற்பத்து மூன்று லோரி இல்லை, ஆறே லோரி. அதே ஆறும் ஒரு நாளைக்கு நாலு நடை பாரத்தோடு உள்ளே போய்க் காலியாக வெளியே வந்தன. மூன்றாம் செவ்வாய் சாயங்காலம் ஒன்று பழுதாகி உள்ளேயே நின்றுவிட்டது, இல்லாவிட்டால் நூற்று நாற்பத்து நாலு வந்திருக்கும். வலப்பக்கத்து மசாலா ஆலையிலிருந்து நிறைந்து வெளியே போன லோரி மட்டும் எண்பத்தொன்று. கரி லோரிகளும் அந்த வழியாகத்தான் போய்வந்தன, எல்லாவற்றையும் நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் எண்ணினேன். என் முதுகு அவர் பக்கம் இருந்ததால் அவர் கவனிக்கவில்லை.

அன்றைக்கு அடுப்படியில் நான் யுகேந்திரனிடம் சொன்னது கறி கம்பெனி. நம் வாயில் இரண்டும் ஒன்றுதானே. "ஆன்டி, சின்ன ரி-யா, பெரிய றி-யா?" என்று கேட்டான், நல்ல பிள்ளை. பெரிய றி என்று எழுத்துக் கூட்டியே சொன்னேன். எங்கள் பணம் அத்தனையும் மூன்று கரண்டியில்தான் இருக்கிறது. நீ இப்போது அதிலும் போடாதே, விலை ஏறிவிட்டது. பணம் சேமநிதியிலேயே கிடக்கட்டும்.

அவரிடம் சொல்லிவிடாதே. லோரியை எண்ண வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான், முப்பத்திரண்டு வருடம் சோறு போடும்போதெல்லாம் வேகன் கணக்கு கேட்டிருக்கிறேன். பொதுக்கூட்டத்துக்குப் போட்டுப்போன அந்தக் கோட்டை இன்னும் பீரோவில் வைக்காமல் நாற்காலியிலேயே மாட்டி வைத்திருக்கிறார். நீ கூப்பிடுவாய் என்று தினமும் போனைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "மச்சான், கறி கம்பெனி விஷயத்துல நீங்க சொன்னது சரிதான்" என்று சொல்லு. பொய் சொல்கிறோமே என்று தயங்காதே. போனில் அது எந்த ரி என்று அவருக்குத் தெரியாது.