மூணுதரம் சார்

கொல்லிமலைப் பாதையின் கொண்டையூசி வளைவுகள் அத்தனையையும் நிமிர்த்தி நேர் ரோடாக ஆக்கிவிடலாம்; எங்கள் தலைமையாசிரியரை ஒரே அழைப்பில் திரும்பிப் பார்க்க வைக்க முடியாது. முதல் தரம் கூப்பிட்டால் கல் மாதிரி இருப்பார். இரண்டாம் தரத்துக்குப் புருவம் மட்டும் லேசாக அசையும். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான், "சொல்லுங்க" என்று முழுதாகத் திரும்புவார். ஊரில் அவர் பெயரே மூணுதரம் சார்.

கரூரிலிருந்து மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் இருந்த அந்தப் பள்ளிக்கு, ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு டீச்சராகப் போன புதிதில், மனுஷருக்குக் காது மந்தம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது, "சத்துணவுல முட்டை ஒண்ணு ஒடஞ்சு போச்சுங்க டீச்சர்" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை; எழுந்துபோய்ப் பார்த்தேன். உடைந்துதான் கிடந்தது.

பழகின கண்டக்டர்கள், "ஏறுங்க சார், ஏறுங்க சார், ஏறுங்க சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விசில் ஊதுவார்கள். புதிதாக வந்த ஒருவர் ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு ரைட் கொடுத்துவிட்டார். சார் குடையை விரித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்கு வந்தார். கோபம் கொஞ்சமும் இல்லை. "புதுப் பையன்தானுங்க, பழகிக்குவான்" என்றார்.

மேலதிகாரி போன் செய்வார். சார் மேஜைமேல் அலறும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நின்று, மறுபடி அலறி, மறுபடி நிற்கும். மூன்றாவது தரம் எடுத்து, "வணக்கங்க. நீங்கதானுங்களா? இப்பத்தான் உறுதியாச்சுங்க" என்பார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வசவு எனக்கே கேட்கும். வீட்டில் அவர் மனைவி ஏதோ கோபத்தில், "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்று இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொண்ட இரவில் பட்டினியாகவே படுத்தாராம்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் காரணம் கேட்டேன்.

"இது மலைங்க டீச்சர். பனி எறங்கிட்டா கூப்புடறது யாருன்னு கண்ணுக்குத் தெரியாதுங்க. மொதத் தரம் எது வேணா கூப்புடும். ரெண்டாந்தரமும் சிலது கூப்புடும். மூணாந்தரம் கூப்புட அதுங்களுக்குப் பொறுமை கெடையாதுங்க. நாம நெஜமா வேணும்னு நெனைக்கற மனுசன்தான் மூணாந்தரமும் கூப்புடுவான்."

"எதுங்களுக்கு சார் பொறுமை கிடையாது?"

"டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

படித்த மனுஷர் இப்படிப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இதையே அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடமாகச் சொல்லி வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஆடி மாத நாள் விடியும்போதே சரியில்லை. கரண்ட் இல்லை. வகுப்பறையில் பட்டப்பகலில் அரை இருட்டு. பலாப்பழக் காலம் வேறு. இரண்டாம் வகுப்பு சூர்யா பலாப் பிசினை உருண்டை பிடித்துக் கொண்டுவந்து, முன்னால் இருந்தவன் தலையில் அப்பி, ஒட்டுகிறதா என்று தன் தலையையும் முட்டிப் பார்த்திருக்கிறான். ஒட்டிக்கொண்டது. இரண்டு தலைகளையும் எண்ணெய் போட்டு நான் பிரிப்பதற்குள், மூலையில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி "ஊட்டுக்குப் போகோணும்" என்று அழ ஆரம்பித்தாள். ஏன் எதற்கென்று தெரியாமலே மொத்த வகுப்பும் சேர்ந்து அழுதது.

மதியம் பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது பனி இறங்கியது. கொடிக்கம்பம் போயிற்று, பிறகு குழாயடி போயிற்று, பிறகு என் கையே மங்கலாகிவிட்டது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள். காலையிலிருந்து நான் வேண்டிய அமைதி அதுதான். வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரையும் தடவித் தடவி உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தேன். ஒன்றாம் வகுப்பு மித்ராவைக் காணோம்.

சமையல்கார அக்காவைப் பிள்ளைகளோடு இருக்கச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பள்ளிக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், அதற்கப்பால் பள்ளம். அந்தப் பக்கத்துச் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து கிடந்தது. ஐந்து வயதுக் குழந்தை.

"மித்ரா!" என்று கத்தினேன்.

"டீச்சர்…" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. மரங்கள் பக்கத்திலிருந்துதான்.

போன உயிர் திரும்பி வந்தது. குரல் வந்த பக்கம் நடந்தேன். ஆளைக் காணோம். "மித்ரா!" என்று மறுபடி கூப்பிட்டேன்.

"டீச்சர்…" முன்னைவிடக் கொஞ்சம் கீழேயிருந்து வந்தது. அழுகை இல்லை, பயம் இல்லை. அவள் சும்மா விளையாடிக்கொண்டிருப்பதாக நினைத்து வேகமாக எட்டு வைத்தேன்.

"டீச்சர்!" என்று பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது. நான் நிற்கவில்லை. "டீச்சர்!" இன்னும் ஓர் எட்டு வைத்தேன். "டீச்சர்!"

மூன்றாவதற்கு ஏனோ கால் நின்றது. காலடியில் உருண்ட கல் கீழே போய் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

சார் வந்து என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பிறகு பனியைப் பார்த்து நிதானமாக, "மித்ராக் கண்ணு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மித்ராக் கண்ணு" என்றார். இன்னும் கொஞ்சம் நிறுத்தி, "மித்ராக் கண்ணு."

"ஏனுங்க சார்?"

எங்களுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து வந்தது. கழுவின தட்டை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

"ஏன் சாமி, டீச்சர் கூப்புட்டாங்கல்ல? ஏன் வரல?" என்றார் சார்.

"டீச்சரு ரெண்டு தரந்தானுங்க கூப்புட்டாங்க."

"அப்புறம் அங்கேயிருந்து டீச்சர்னு சொன்னது?" என்று கேட்டேன்.

மித்ரா பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "அது நானில்லீங்க டீச்சர். அந்தப் பாப்பா."

நான் சாரைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "உள்ள போலாங்க டீச்சர், சூர்யா தலைய இன்னம் பிரிக்கலீங்க" என்றார். மறுநாளே ஆள் வைத்து அந்தச் சுவரை எழுப்பினார்.

அதற்குப் பிறகு நானும் மூன்று தரம் கூப்பிடும் டீச்சராகிவிட்டேன். சில வருஷங்களில் சார் ஓய்வு பெற்றுத் தேவனூர் நாட்டில் மிளகுத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பனி இறங்கினால் அவருக்குப் போன் போடுவேன். மூன்றாவது தரத்துக்கு எடுத்து, "புள்ளைங்கெல்லாம் உள்ள இருக்குதுங்களா டீச்சர்?" என்பார். வேறு பேச்சே கிடையாது.

போன தை மாதம் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போனுக்கு அவர் மனைவி இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். பனி இறங்கினால் எனக்குக் கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது. இரண்டு தரம் கூப்பிட்டு, அடித்து நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தம்மாவும் எடுப்பதில்லை.

மூன்றாவது தரம் மட்டும் நான் கூப்பிடுவதில்லை. அதற்கும் சார் எடுக்கவில்லையென்றால், அவர் இல்லை என்று ஆகிவிடும்.