பின்னறை காலியான கதை

கம்பெனிக் கிடங்கில் என் பேரைக் கேட்டாலே தேங்கிய சரக்குக்கு உதறல் எடுக்கும். யாரும் சீண்டாத மஞ்சள் வாளிகள் அங்கே கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. சலுகை விலை என்று ஆசை காட்டி, அத்தனையையும் கடைக்காரர்கள் தலையில் கட்டினேன். பாத்திரக்கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அவன் தலையையும் விடவில்லை. முதலாளி கூப்பிட்டுக் கை குலுக்கினார்.

இப்பேர்ப்பட்டவன் வீட்டில் பின்னறை பழைய சாமான் குவிந்து கால் வைக்க இடமில்லாமல் கிடக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்க, அப்படியே கண்ணயர, எனக்கென்று நாலு சுவர் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அந்தக் குவியலுக்கு அடியில் எங்கோ என் சாய்வு நாற்காலியும் புதைந்து கிடந்தது.

துணிந்து மனைவியிடம் சட்டம் பேசினேன்.

"ஒரு வருஷமா கை படாத பொருள் எதுவும் வீட்ல இருக்கக் கூடாது. கிடங்குல அதான் ரூல்."

"யாரோட பொருளா இருந்தாலுமா?"

"யாரோடதா இருந்தா என்ன? ரூல்னா ரூல்தான்."

சண்டைக்கு வருவாள் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவளோ தலையாட்டிவிட்டு, நாளைக்கே பழைய சாமான்காரரை வரச்சொல்லி அறையைத் துடைத்துவிடுவதாகச் சொன்னாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னறைக் கதவைத் தள்ளினேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே தரையிலிருந்து கூரைவரை மஞ்சள் வாளி. ஒவ்வொன்றிலும் எங்கள் கம்பெனி முத்திரை.

"தம்பி கடையில ஒண்ணுகூட விக்கலையாம். ஆள் நிக்கவே இடமில்லைன்னு போன வாரமே புலம்பினான். நம்ம வீட்ல ஏதுடா இடம்னு சொல்லியிருந்தேன். நல்லவேளை, நீங்களே ரூமைக் காலி பண்ணச் சொன்னீங்க."

"முதல்ல இதெல்லாம் வெளியே போகணும்."

"எப்படிங்க? இன்னைக்குத்தானே வந்துச்சு. உங்க ரூல்படி இன்னும் ஒரு வருஷம் இருக்கே."

கூடத்திலாவது போட்டுக்கொள்ளலாம் என்று என் சாய்வு நாற்காலியைக் கேட்டேன்.

"அதுல நீங்க உக்காந்தே ரொம்ப வருஷமாச்சே. சாமான்காரர் வண்டியில முதல்ல ஏத்தினது அதைத்தான்."

இப்போது பேப்பர் படிக்க எனக்கென்று ஒரு மஞ்சள் வாளி இருக்கிறது. கவிழ்த்துப் போட்டால் உட்காரத் தோதாகத்தான் இருக்கிறது. மச்சானிடம் முழு விலை கொடுத்து வாங்கினேன்.