கூரைக்கு மேலே முக்வானா

தான் கட்டிய மண்டபத்தைப் பற்றிப் பேச வாயைத் திறந்த முக்வானா, அப்படியே மண் சுவருக்குப் பின்னால் குந்திவிட்டான். கடைசி வரிசையில், பச்சைச் சால்வை போர்த்திக்கொண்டு, பாயில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தது அவன் மாமியார்.

மேலாளர் கிசா ஓடிவந்தான். "என்னண்ணே, கீழ என்ன தேடுறீங்க? எல்லாரும் காத்திருக்காங்க. முதலாளி வேற வந்தாச்சு!"

"கிசா, அந்தப் பச்சைச் சால்வை... அது என் பொண்டாட்டியோட அம்மாடா."

கிசாவும் சடாரென்று பக்கத்தில் குந்தினான். "மாமியாரா? ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியிலயா? ஐயையோ!"

"நீ எதுக்குடா குனியுற? உனக்கா மாமியார்?"

எல்கான் மலையடிவாரத்துப் புகுசு இனத்து ஆண்கள் யானைக்குக்கூட அவ்வளவு பயப்படமாட்டார்கள். மாமியாரும் மருமகனும் எதிரெதிரே நிற்கக்கூடாது, பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. வழியில் கண்டால் இவன் இந்தப் புதருக்குள், அவர் அந்தப் புதருக்குள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முக்வானா அந்த அம்மாளின் குரலைக் கேட்டதில்லை; என்ன தொழில் செய்கிறார் என்று விசாரித்ததும் இல்லை. விசாரித்தால் மரியாதையா?

தப்பித்து ஒளியலாம் என்றால் அவன் கட்டியிருந்தது வட்டமான தியான மண்டபம். இடுப்பளவு மண் சுவர், மூங்கில் தூண்கள், புல் வேய்ந்த கூரை, அதன் உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு வட்டத் திறப்பு. சிமெண்ட் கிடையாது, ஆணி கிடையாது, எல்லாம் கற்றாழை நார்க் கயிற்றுக் கட்டு. முகமே காட்டாத முதலாளி ஒருவர் கிசாவுக்கு ஆள் மூலம் போனில் சொல்லியனுப்பிய உத்தரவுகள் இவை. 'மரத்தை வெட்டாதே. அறை பிரிக்காதே. மலைக்காற்று உள்ளே வரட்டும்.' ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லாத கட்டடத்தைத் தன் கையாலேயே கட்டி வைத்துவிட்டான் பாவி.

இன்று முதலாளிக்கு மண்டபம் பிடித்துப்போனால், ஓடைக்கரையில் வரப்போகிற பன்னிரண்டு குடில்களும் அவனுக்குத்தான். பிடிக்காவிட்டால் பழையபடி பெட்ரோல் பங்குகளுக்குக் கழிப்பறை வரைபடம் போடப் போகவேண்டியதுதான்.

"முதலாளி எதுடா?"

"முன்வரிசையில நரைச்ச தலை. எவ்ளோ பெரிய காரு! அவரே ஓட்டிட்டு வந்து இறங்கினாரு. உக்காந்து கண்ணை மூடினவருதான், இன்னும் திறக்கல. என்னா தியானம்ண்ணே!"

நரைத்த தலை லேசாக வாயைத் திறந்தபடி தியானத்தில் இருந்தது.

"அவர்கிட்ட கேளு, நாளைக்குப் பேசட்டுமான்னு."

"மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் மௌன விரதம்ண்ணே. டீச்சரைத் தவிர வந்தவங்க யாரும் பேசக்கூடாது."

"அப்ப ஒண்ணு பண்ணு. எல்லாரையும் அப்படியே பின்பக்கம் திரும்பி உக்காரச் சொல்லு. அவங்க முதுகைப் பார்த்து நான் பேசிக்கிறேன்."

கிசா போய் யோகா ஆசிரியை நலியாகாவின் காதில் கிசுகிசுத்தான். அவள் முறைத்தாள். அவள் மறுக்கிறாள் என்று நினைத்த முக்வானா, பொறுமையில்லாமல் சுவரை ஒட்டித் தவழ்ந்தே மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சேர்ந்து, மெல்லத் தலையைத் தூக்கினான்.

அதே நேரம் நலியாகா மணியை ஆட்டினாள். மொத்தக் கூட்டமும் பாயோடு திரும்பியது. கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது.

கைக்கெட்டும் தூரத்தில் மாமியார்!

அவர் சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். முக்வானா பக்கத்தில் கிடந்த மண் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். உள்ளே கொஞ்சம் சாணியும் மிச்சமிருந்தது.

கிசா அவனைக் கூடையோடு அப்பால் இழுத்துக்கொண்டு போனான். "போதும்ண்ணே. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்."

"நீ சமாளிச்சா குடில் உனக்குப் போயிடும்!" கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு கூடை மெல்லத் தூக்கப்பட்டது. "கிசா, முறை என்ன சொல்லுது? ஒரே கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது. மேல இருந்தா?"

கிசா யோசித்தான். "இதுவரைக்கும் எவனும் அப்படிக் கேட்டதில்லண்ணே."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? முக்வானா மூங்கிலைப் பிடித்துக் கூரையேறினான். உச்சித் திறப்பின் ஓரத்து மூங்கிலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு குரல் கொடுத்தான்.

"அன்பர்களே! இந்த மண் சுவர் பகல்ல குளிரும், ராத்திரியில கதகதன்னு இருக்கும்! மின்விசிறி வேண்டாம். எல்லாம் நம்ம முதலாளியோட தெய்வீகமான யோசனை!"

வானத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு நைரோபிப் பெண்ணொருத்தி கண்ணீரோடு கைகூப்பினாள். முக்வானாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. முதலாளியின் ஞானத்தைப் புகழ்ந்தான், பணிவைப் புகழ்ந்தான், பார்க்காத அழகையும் புகழ்ந்தான். இவன் பேச்சு இப்போதைக்கு முடியாது என்று கண்ட நலியாகா, எல்லாரையும் பாயோடு நடுவுக்கு வரச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.

"கையைத் தரையில ஊன்றுங்க. இடுப்பை மேல தூக்குங்க. இன்னும் நல்லா!"

முதலாளி முகத்தில் சிரிப்பு வந்ததா என்று பார்க்க முக்வானா திறப்பின் வழியே எட்டிப் பார்த்தான். நேர் கீழே, வானத்தைப் பார்த்து இடுப்பைத் தூக்கியபடி, பச்சைச் சால்வை.

பார்க்கக்கூடாத மாமியாரைப் பார்க்கவே கூடாத கோணத்தில் பார்த்துவிட்டான்! பதறிப்போய் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

அவனைக் கூரையில் பிடித்து வைத்திருந்ததே அந்த இரண்டு கைகள்தான்.

கட்டடம் இம்மிகூட அசையவில்லை. முக்வானாதான் திறப்பு வழியாக உள்ளே போய், மாமியாரின் முதுகில் இறங்கினான்.

"ஐயோ, மருமகனே!"

ஏழு வருஷத்தில் முதன்முறையாகக் கேட்ட குரல். விரதம் உடைந்தது, முறை உடைந்தது, இனி உடைய எதுவும் பாக்கியில்லை. அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஓடினார். முக்வானா மேற்கே ஓடி ஓடைக்கரையில் விழுந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே வந்த கிசா ஆறுதல் சொன்னான். "மாமியாரைத் தெரியாம தொட்டா ஒரு ஆடு கொடுத்துத் தீர்த்துக்கலாம்ண்ணே. மேல விழுந்தா எத்தனைன்னு பெரியவங்களத்தான் கேக்கணும்."

"ஆடு கெடக்கட்டும்டா. பன்னெண்டு குடிலும் போச்சே! என் பொண்டாட்டி நெலிமா முகத்துல எப்படி முழிப்பேன்?"

சாப்பாட்டு மணி அடித்தது. நரைத்த தலைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். முக்வானா எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, முதலாளி! நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. கட்டடம் மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க!"

அவர் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"நான் காரோட்டி, தம்பி. பன்னெண்டு குடிலும் உங்களுக்குத்தானாம். நேர்ல சொல்ல முறையில்லன்னு என்னைய அனுப்பிட்டு, முதலாளியம்மா முதுகுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு கார்ல குப்புறப் படுத்திருக்காங்க."